டெஸ்டுக்கு ஒரு தட்டு

கணினி படிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பத்து நிமிடத்தில் கையால் முடித்துவிடக்கூடிய வேலையை மூன்று வாரம் மெனக்கெட்டுத் தானாக நடக்க வைப்பார்கள். அது நடந்ததா என்று மட்டும் பார்க்க மாட்டார்கள். எனக்கு இந்த வியாதி முற்றியிருந்த காலத்தில், மலேசியாவில் சுபாங் ஜெயா பக்கம் இருந்த எங்கள் பல்கலைக்கழகத்தின் கணினி மாணவர் கழகத்துக்கு நான்தான் தலைவி. (தேர்தலில் நின்று ஜெயித்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கூட்டத்துக்கு நான் தாமதமாகப் போனேன். போய்ச் சேர்ந்தபோது தலைவியாகியிருந்தேன்.)

கழகம் அப்போது இழுத்துப் பறித்துக்கொண்டிருந்தது. கடைசியாக நாங்கள் நடத்திய கருத்தரங்குக்கு ஐந்து பேர் வந்தார்கள். அதில் நால்வர் செயற்குழு. ஐந்தாவது ஆள், கழிப்பறை எங்கே என்று கேட்க உள்ளே வந்து, எழுந்து போக வெட்கப்பட்டுக் கடைசிவரை உட்கார்ந்திருந்த முதலாண்டு மாணவன். அவனையும் சேர்த்துப் புகைப்படம் எடுத்து, "திரளான கூட்டம்" என்று கழகப் பக்கத்தில் போட்டோம்.

அந்தப் புகைப்படம்தான் எங்களைக் காட்டிக்கொடுத்தது. மாணவர் விவகாரப் பிரிவின் அதிகாரி புவான் ரோஹானா (புவான் என்றால் மலாயில் திருமதி) என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் குரலை உயர்த்தவே மாட்டார். அழகான மலாயில், மிக மரியாதையாகப் பேசுவார். அந்த மரியாதைதான் பயமுறுத்தும். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "துர்கா, இந்த செமஸ்டர் முடியறதுக்குள்ள நெஜமான ஆளுங்களோட நெஜமான நிகழ்ச்சி ஒண்ணு நடத்திக் காட்டுங்க. நானே நேர்ல வந்து பார்ப்பேன். இல்லன்னா கழகத்தை மூடிட்டு உங்க அறைய நடனக் குழுவுக்குக் குடுத்துடுவேன்."

எங்கள் அறை என்பது கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பொந்து. ஆனால் அதில் ஏர்கான் இருந்தது, யாரோ விட்டுப்போன சோபா இருந்தது. மூன்று ஆண்டுகளில் எனக்கென்று அந்த வளாகத்தில் இருந்தது அந்த அறையும் அதில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும்தான். நடனக் குழுவினர் மறுநாளே வந்து, கண்ணாடி எங்கே மாட்டலாம் என்று சுவரை அளந்துவிட்டுப் போனார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உதவித் தலைவன் வெய் ஜியேதான் ஹேக்கத்தான் நடத்தலாம் என்றான். காலையிலிருந்து மாலைவரை குழு குழுவாக உட்கார்ந்து ஒரு செயலியை எழுதி முடிக்கும் போட்டி அது. "ஆளுங்க வருவாங்களா?" என்று கேட்டேன். "சாப்பாடு போட்டா வருவாங்க லா" என்றான். (நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலமும் மலாயும் கலந்த எங்கள் ஊர் மொழி. இங்கே தமிழாக்கித் தருகிறேன். அந்த 'லா' மட்டும் எந்த மொழிக்கும் பொருந்தும்.) சுவரொட்டியில் 'ஹேக்கத்தான்' என்பதைச் சிறிய எழுத்திலும், 'இலவச மதிய உணவு' என்பதைப் பெரிய எழுத்திலும் போட்டோம்.

இங்கேதான் வியாதி தலைகாட்டியது. யார் யார் வருகிறார்கள், யாருக்குச் சைவம், யாருக்குக் கோழி என்பதைக் கேட்டு, பூச்சோங்கில் இருந்த கேட்டரிங் அங்கிளுக்குச் சொல்ல வேண்டும். ஒரு தாளில் எழுதி அனுப்பியிருக்கலாம். கணக்கியல் படித்துக்கொண்டிருந்த என் அறைத்தோழி அதைத்தான் சொன்னாள். நாங்கள் அவளைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தோம். ஒருவர் எங்கள் இணையப் பக்கத்தில் பெயரைப் பதிந்த அந்த நொடியே, அவர் பெயரும் சாப்பாட்டு விவரமும் அங்கிளின் வாட்ஸப்புக்குத் தானாகப் போய்ச் சேரும்படி நான் ஒரு நிரல் எழுதினேன். எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நிரலைச் சோதித்துப் பார்க்க ஒரு தொலைபேசி எண் தேவைப்பட்டது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். கிள்ளானில் இருக்கும் என் அம்மாவின் எண். அதைப் போட்டேன். முதலில் என் பெயரைப் பதிந்தேன். பிறகு 'டெஸ்ட் டெஸ்ட்' என்று ஒரு கற்பனை ஆளைப் பதிந்தேன். சைவம். குறிப்பு என்ற இடத்தில் வேறு எதுவும் தோன்றாமல், 'காரம் ஆகாது, கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாது' என்று அடித்தேன். இரண்டு தகவலும் அழகாகப் போய்ச் சேர்ந்தன. அம்மாவின் எண்ணுக்குப் பக்கத்தில் 'பிறகு மாற்றவும்' என்று நிரலிலேயே குறித்து வைத்தேன்.

கணினித் துறையில் 'பிறகு' என்றால் எப்போது என்று அந்தத் துறையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் கழக விதி. வெய் ஜியே சரிபார்த்தான். அதாவது, பபிள் டீ கடை வரிசையில் நின்றுகொண்டு கைப்பேசியைத் திறந்து, "நல்லாருக்கு" என்று பதில் போட்டான். அன்றைக்கே பதிவைத் திறந்துவிட்டோம்.

இனி அம்மா கதைக்கு வரவேண்டும். அம்மா போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர். எந்தக் கொள்கலன் எப்போது வந்தாலும் அசராமல் இறக்கி வைக்கிற குணம். அவரை அசைத்துப் பார்க்கக்கூடிய ஒரே விஷயம், பக்கத்து வீட்டு ஜெயா ஆன்டியின் தீபாவளி ஓப்பன் ஹவுஸ்.

எங்கள் ஊரில் பெருநாள் என்றால் வீட்டைத் திறந்துவிடுவோம். இனம், மதம் பார்க்காமல் கூட்டாளிகள் வருவார்கள், சாப்பிடுவார்கள், போவார்கள். யார் வீட்டு வாசலில் எவ்வளவு செருப்பு கிடந்தது என்பதை வைத்துத்தான் எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், மரியாதை. அந்த வருடம் ஜெயா ஆன்டியின் மகன் தன் அலுவலகத்தையே அழைத்து வந்திருந்தான். செருப்புக் கூட்டம் எங்கள் கேட் வரைக்கும் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு என் தரப்பிலிருந்து வந்தது வெய் ஜியே மட்டும். (நான்கு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டான். ஆனால் செருப்பு ஒரு ஜோடிதானே.)

"மூணு வருஷமா யுனிவர்சிட்டிக்குப் போறே. ஒரே ஒரு கூட்டாளிதானா உனக்கு?" என்று அம்மா கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அது உண்மையாக இருந்ததுதான் காரணம். "இன்னொரு சனிக்கிழமை எல்லாரையும் கூட்டிட்டு வா. யாரு யாரு வராங்க, என்னா சாப்பிடுவாங்கன்னு முன்னாலயே வாட்ஸப்ல போட்டு விட்டுடு" என்றார். இணையத்தில் விதிமுறைகளைப் படிக்காமலே 'சம்மதம்' பொத்தானை அழுத்துவோமே, அப்படி "சரிம்மா" என்று சொல்லிவிட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டேன்.

அடுத்த வாரமே அம்மாவின் கைப்பேசி அடிக்க ஆரம்பித்தது. 'துர்கா, சைவம், சனிக்கிழமை.' 'டெஸ்ட் டெஸ்ட், சைவம், காரம் ஆகாது, கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாது, சனிக்கிழமை.' 'டான் மெய் லிங், கோழி, சனிக்கிழமை.' 'அமிருல், கோழி, ஹலால், சனிக்கிழமை.' அலுவலகத்தில், பேருந்தில், சாமி கும்பிடும்போதெல்லாம் அடித்துக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை மாலை அம்மா என்னை அழைத்தார்.

"என்னாம்மா இது, இத்தனை பேரா?"

"ஆமாம்மா. எழுபது பேரத் தாண்டிடுச்சு. எனக்கே நம்ப முடியல" என்றேன். கழகப் பக்கத்தில் பதிவைப் பார்த்துவிட்டுத்தான் பெருமையாகக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"எல்லாரும் சனிக்கிழமைதானே?"

"சனிக்கிழமைதாம்மா. எனக்குத்தான் ஒரே பயமா இருக்கு."

"நீ ஏன் பயப்படுற? படிக்கிற வேலைய பாரு. நான் பாத்துக்கிறேன்" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. எனக்காகக் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்வார் போலும் என்று எண்ணி, எனக்கும் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் மனம் நிறைந்து போனை வைத்தோம்.

சனிக்கிழமை வந்தது. எழுபது சொச்சம் பேர் நிஜமாகவே வந்தார்கள். பெரிய மண்டபம், மேசைக்கு மேசை மடிக்கணினி. கழிப்பறை தேடி வந்த அந்த முதலாண்டு மாணவன்கூட ஒரு குழுவோடு வந்திருந்தான். மதியத்துக்குப் பிறகு புவான் ரோஹானா வருவதாகச் சொல்லியிருந்தார். நான் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு தொழில்நுட்பத்தின் எதிர்காலம் பற்றி உரையாற்றினேன். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டு மணி நெருங்கியும் எந்த வாசனையும் வரவில்லை. கேட்டரிங் அங்கிளுக்கு அடித்தேன். பின்னணியில் நாதஸ்வரம் கேட்டது.

"என்னா சாப்பாடு மா? ஒரு மெசேஜும் வரலையே. நீங்க கேன்சல் பண்ணிட்டீங்கன்னு நான் ரவாங்ல ஒரு கல்யாணத்துக்கு வந்துட்டேன்" என்றார்.

போனை வைத்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா அழைத்தார்.

"எங்க இருக்கீங்க? கேனபிப் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, பிரியாணி வந்து இறங்கிடுச்சு. உன் கூட்டாளிங்க ஒருத்தரயும் காணோம். ஜெயா வாசல்ல வந்து வந்து நின்னு பாத்துட்டுப் போறா."

"எந்தக் கூட்டாளிங்கம்மா?"

"நீதானே வாட்ஸப்ல அனுப்பிச்சே, டான் மெய் லிங், அமிருல்னு" என்று அம்மா பெயர்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். சொன்ன ஒவ்வொரு பெயருக்கும் என் எதிரே மண்டபத்தில் ஒரு முகம் பசியோடு உட்கார்ந்திருந்தது.

மடிக்கணினியைத் திறந்து நிரலைப் பார்த்தேன். 'பிறகு மாற்றவும்' என்ற குறிப்பு அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் அம்மாவும் அப்படியே இருந்தார். வெய் ஜியே எட்டிப் பார்த்துவிட்டு, "இத யாரு சரிபார்த்தா?" என்று கேட்டான். நான் அவனைப் பார்த்தேன். "ஓ" என்றான்.

என் மூளை ஒருவழியாக வேலை செய்தது. இங்கே வயிறு இருக்கிறது, அங்கே சாப்பாடு இருக்கிறது. "அம்மா, ஒரு லோரி பிடிச்சு எல்லாத்தையும் இங்க அனுப்பிடுங்க" என்றேன்.

"சாப்பாடு வராது" என்றார் அம்மா. நான் அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதில்லை. கொள்கலன் முதலாளிகள் தினமும் கேட்டிருப்பார்கள். "தெருவ அடைச்சுக் கேனபி போட்டிருக்கேன். காலியா கிடக்கு. தாமானே பாத்துக்கிட்டு இருக்கு. உனக்குக் கூட்டாளிங்க இருக்காங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். ஆளுங்கதான் வரணும்."

மூன்று வருடமாக அந்த ஒரு ஜோடிச் செருப்பு அவருக்கு எப்படி உறுத்தியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மண்டபத்தில் இரண்டு குழுக்கள் பையை மூடத் தொடங்கியிருந்தன. அவர்கள் போய்விட்டால் கழகமும் போய்விடும். அம்மா சொன்னதை வெய் ஜியேவிடம் சொல்லிவிட்டு நான் ஒலிபெருக்கியை எடுத்தேன். அவன் அதைப் பிடுங்கிக்கொண்டான்.

"சாப்பாடு கிள்ளான்ல. பிரியாணி. அடுத்த கொமுட்டர் ரயிலுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு" என்றான்.

இலவச பிரியாணிக்காக ஒரு மலேசிய மாணவன் எவ்வளவு தூரம் போவான் என்பதை யாரும் இதுவரை ஆராய்ந்ததில்லை. சுபாங் ஜெயாவிலிருந்து கிள்ளான் வரை போவான் என்பதற்கு நான் சாட்சி. எழுபது பேரும் மடிக்கணினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒயர்களைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு, ரயில் நிலையத்துக்கு ஓடினோம். ரயிலில் நின்றுகொண்டே சிலர் நிரல் எழுதினார்கள். காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த ஓர் ஆன்டி, "என்னாம்மா, எல்லாரும் பரீட்சைக்கா போறீங்க?" என்று கேட்டார். "ஆமா ஆன்டி" என்றேன். புவான் ரோஹானாவுக்கு 'இடம் மாற்றம், கிள்ளான், என் வீடு' என்று செய்தி அனுப்பினேன். 'ஓகே.' என்று முற்றுப்புள்ளி வைத்துப் பதில் வந்தது. அந்தப் புள்ளியை ரயில் ஷா ஆலம் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருவுக்குள் அந்த ஊர்வலம் நுழைந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அம்மா பட்டுப்புடவையில் கேனபிக்கு வெளியே நின்றிருந்தார். முதல் பத்துப் பேர் திரும்பியதும் நிமிர்ந்தார். நாற்பதாவது ஆள் திரும்பும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டார். அப்பா வாயைத் திறந்தபடி, "எல்லாரும் நம்ம துர்காவோட கூட்டாளிங்களா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. செருப்புகளும் சப்பாத்துகளும் எங்கள் வாசலில் குவிந்து, கேட்டைத் தாண்டி, ஜெயா ஆன்டியின் கேட்டையும் தாண்டிப் போயின. அம்மா அந்தக் குவியலை ஒரு முறை பார்த்தார், பிறகு ஜெயா ஆன்டியின் ஜன்னலைப் பார்த்தார். அவ்வளவுதான்.

கோழி பிரியாணியைத் தெருமுனையில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் 'மாமாக்' கடையில் ஹலாலாகச் சொல்லி வைத்திருந்தார். சைவம் முழுக்க அவர் கைப்பக்குவம். பிள்ளைகள் சாப்பிட்டார்கள், மறுபடியும் சாப்பிட்டார்கள். பிறகு, போட்டி நினைவுக்கு வந்து மடிக்கணினிகளை எடுத்து ஒயர்களைச் செருகினார்கள். எங்கள் வீட்டு மின்சாரம் பட்டென்று நின்றது.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. தீபாவளியிலிருந்து அம்மாவோடு பேசாமல் இருந்த ஜெயா ஆன்டி, ஒரு நீண்ட ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கரண்டும் வைஃபையும் நான் தரேன். ஆனா ஒரு பத்துப் பதினைஞ்சு பேரு எங்க போர்ச்சுல வந்து உக்காரணும்" என்றார்.

"இருபது பேரா கூட்டிக்க" என்றார் அம்மா. அள்ளிக் கொடுக்கிற நிலைமையில் இருந்தார்.

மூன்று மணிக்கு மேல் புவான் ரோஹானாவின் கார் தெருமுனையில் வந்து நின்றது. ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டி, மதியம் சாப்பிடாமல், முகம் வெளுத்துப் போயிருந்தார். "துர்கா, மாணவர்களை வெளியே அழைச்சிட்டு வர அனுமதி வாங்கினீங்களா?" என்று அதே அழகான மலாயில் கேட்டார். அம்மா நடுவில் வந்தார்.

"மொதல்ல சாப்பிடச் சொல்லுங்க" என்றார் அப்பாவிடம். பிறகு புவானிடம், தன் அலுவலக மலாயில், என்ன சாப்பிடுவீர்கள் என்று விசாரித்தார். புவான் வயிற்றைத் தொட்டுக்கொண்டு, தனக்கு கேஸ்ட்ரிக் என்றும், காரம் துளியும் ஆகாது, பரவாயில்லை, வேண்டாம் என்றும் சொன்னார். அம்மா அடுக்களைக்குப் போய், மூடி வைத்த ஒரு தட்டோடு திரும்பினார்.

"துர்கா, இந்த டெஸ்ட் டெஸ்ட்னு ஒரு பிள்ளை வரேன்னுச்சே, கடைசிவரைக்கும் வரல. பேரப் பாத்தா வெளிநாட்டுப் பிள்ளையா தெரிஞ்சுது. தூரத்துல இருந்து வந்து தனியா கெடக்குமேன்னு, காரம் போடாம, கத்திரிக்காய் போடாம, தனியா ஒரு சாம்பார் வச்சு எடுத்து வச்சேன். சரி, இவங்களுக்குக் குடுத்துடுவோம்" என்றார்.

வெய் ஜியேவுக்கு நான் மொழிபெயர்த்தேன். அவன் சிரிப்பை அடக்க முடியாமல் கேனபிக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

புவான் ரோஹானா டெஸ்டின் சாப்பாட்டை முழுவதும் சாப்பிட்டார். சாம்பாரை இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார். முகத்துக்கு நிறம் திரும்பியது. கை கழுவிவிட்டுத் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். ஜெயா ஆன்டியின் போர்ச்சில் ஒரு குழு, தாமானில் குப்பை லோரி எந்தத் தெருவுக்கு வந்துவிட்டது என்று காட்டும் செயலியை எழுதிக்கொண்டிருந்தது. ஆன்டி பக்கத்தில் நின்று, "மொதல்ல எங்க தெருவ போடு" என்று அதட்டிக்கொண்டிருந்தார். (மாலையில் முதல் பரிசு அதற்குத்தான். கழிப்பறை தேடி வந்தவனின் குழு.)

புவான் என்னிடம் திரும்பி வந்தார். "நான் எத்தனையோ கழகத்து நிகழ்ச்சிக்குப் போயிருக்கேன். சாப்பாடு முடிஞ்சதும் மண்டபம் காலியாயிடும். இங்க சாப்பிட்டுட்டும் ஒருத்தரும் போகல" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அறை உங்களுக்குத்தான். அடுத்த வருஷம் முன்கூட்டியே அனுமதி வாங்கிட்டு இங்கயே வைங்க" என்றார். நான் புவானைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

அதற்குப் பிறகு கழகத்தின் ஹேக்கத்தான் ஒவ்வொரு தீபாவளி மாதமும் எங்கள் தெருவில்தான் நடக்கிறது. நான் படிப்பை முடித்து வேலைக்குப் போன பின்பும் யாரும் என்னிடம் கேட்பதில்லை. புதுத் தலைவர்கள் நேராக அம்மாவுக்குத்தான் வாட்ஸப் அனுப்புகிறார்கள். எத்தனை பேர் வந்தாலும், காரமில்லாமல், கத்திரிக்காயில்லாமல் ஒரு தட்டு தனியாக மூடி வைக்கப்படும். அதன் பெயர் டெஸ்ட் தட்டு. தாமதமாக வருகிற யாருக்காவது அது போய்ச் சேரும். ஒரு வருடம் ஏர்கான் பழுது பார்க்க வந்தவருக்கு, இன்னொரு வருடம் ஜெயா ஆன்டியின் புது மருமகளுக்கு.

போன தீபாவளிக்கு, நான் கட்டிக்கொள்ளப் போகிறவரை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வருவதாக அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். 'நெஜமான ஆளா, டெஸ்டா?' என்று பதில் வந்தது. மனிதர் பிரிக்பீல்ட்ஸில் வேலையை முடித்துவிட்டு, நெரிசலில் மாட்டி, எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு வந்து சேர்ந்தார். மிச்சமிருந்தது அந்த ஒரு தட்டுதான். கூச்சத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டவர், "ஆன்டி, எனக்குக் காரம் ஒத்துக்காது. கத்திரிக்காய் சாப்பிட்டா அரிப்பு வந்துடும். யாரு சொன்னாங்க உங்களுக்கு?" என்று கேட்டார்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "வந்துட்டான்ங்க" என்றார்.

கல்யாணம் முடிந்துவிட்டது. அவருக்கு அவருடைய பெற்றோர் வைத்த நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. அம்மாவின் கைப்பேசியில் மட்டும் அவர் எண் இன்றுவரை 'டெஸ்ட்' என்றுதான் இருக்கிறது. மாற்றுங்கள் அம்மா என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"நீ அன்னைக்கு நம்பர மாத்தினியா?" என்கிறார்.